மெழுகுவர்த்தியும் மூன்றாம் பத்தியும்

மெழுகுவர்த்தி என்றாலே நம் தோழர்கள் சிலருக்கு இளக்காரம். 'மெழுகுவர்த்தி கோஷ்டி' என்று ஒரு பேரும் வைத்தாகிவிட்டது. சாயங்காலம் ஆறு மணிக்குக் காரில் வந்து இறங்குவார்கள், பேப்பர் கப்பில் ஓட்டை போட்டு மெழுகுவர்த்தியைச் செருகிக்கொள்வார்கள், கேமரா வந்ததும் முகத்தை இறுக்கிக்கொள்வார்கள், ஏழரைக்குக் கலைந்து எட்டு மணிக்கு ஓட்டலில் உட்கார்ந்திருப்பார்கள், இதுக்குப் பேரு போராட்டமா என்பது கேள்வி. கேள்வியில் நியாயமே இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் இந்தக் கேலியைச் சாக்காக வைத்துக்கொண்டு, மனித உரிமைக்காகவும் மதச் சுதந்திரத்துக்காகவும் மெழுகுவர்த்தி ஏந்தி நிற்கிற கூட்டங்களிலிருந்து தலித் இளைஞர்கள் ஒதுங்கிக்கொள்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாம் வராததைப் பார்த்து அப்பாடா என்று மூச்சு விடுகிற ஏற்பாட்டாளர்கள் இருக்கிறார்களே, அவர்களை இன்னும் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தக் கட்டுரை இரண்டு தரப்புக்கும்தான்.

இளக்காரத்துக்குக் காரணம் உண்டு. 2006 பிப்ரவரியில் ஜெசிகா லால் கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானபோது தில்லி இந்தியா கேட்டில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. அந்த ஜனவரியில் வந்த ஓர் இந்திப் படத்தில் அப்படி ஒரு காட்சி இருந்தது. படத்தில் பார்த்ததைத் தெருவில் செய்தார்கள். தப்பில்லை. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போய் அந்த டிசம்பரிலேயே தில்லி உயர் நீதிமன்றத்தில் தண்டனை கிடைத்தது. அதே 2006ஆம் ஆண்டு, செப்டம்பர் 29. மகாராஷ்டிரம், பண்டாரா மாவட்டம், கயர்லாஞ்சி. சுரேகா போத்மாங்கே, மகள் பிரியங்கா, மகன்கள் ரோஷன், சுதிர் ஆகிய நான்கு பேரை ஊர்க் கும்பல் அடித்துக் கொன்றது. இந்தியா கேட்டுக்கு வந்த அந்தக் கூட்டம் திரும்பி வரவில்லை. நடந்தது என்ன என்று நாட்டுக்குத் தெரியவே வாரக்கணக்கானது. நவம்பரில் நாக்பூரில் நம்ம சனங்க தெருவுக்கு வந்தபோது கிடைத்தது தடியடியும் ஊரடங்கும். போராட்டத்துக்குப் பின்னால் நக்சல்கள் இருக்கலாம் என்று மாநில உள்துறை அமைச்சரே பேசினார். இந்தியா கேட்டில் நின்றவர்களைப் பார்த்து எந்த அமைச்சருக்காவது நக்சல் ஞாபகம் வந்ததா?

2012லும் இதே கணக்குதான். நவம்பர் 7 அன்று தருமபுரி நத்தம் காலனியிலும் பக்கத்தில் அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளிலும் 250க்கு மேற்பட்ட வீடுகள் சூறையாடி எரிக்கப்பட்டன. பொண்ணு சாதி மாறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டா என்பது காரணம். சரியாக 39 நாள் கழித்து, டிசம்பர் 16 இரவு, தில்லி ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு அந்தக் கொடுமை நடந்தது. நாடே மெழுகுவர்த்தி பிடித்தது. சென்னையிலும் பிடித்தார்கள். அந்தப் பெண்ணுக்காக அழுதவர்களை நான் குறை சொல்லவில்லை. கேட்பதெல்லாம் ஒன்றுதான். சென்னையிலிருந்து தருமபுரி பக்கமா, தில்லி பக்கமா? அழுகைக்கும் சாதி வாரியாகத்தான் தண்ணி பாயும் போல.

இதையெல்லாம் பார்த்த பிள்ளைகள் 'நமக்கெதுக்கு அந்த மெழுகுவர்த்தி' என்று கேட்பது இயற்கை. நமக்கும் நெருப்புக்கும் உள்ள உறவு வேறு. 1968 டிசம்பர் 25, உலகமே கிறிஸ்துமஸுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்த ராத்திரியில், கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேரை வைத்துக் கொளுத்தினார்கள். 2020 செப்டம்பர் கடைசியில் ஹத்ராஸ் பெண்ணின் உடலைப் பெற்றவர்களுக்குக்கூடக் காட்டாமல் நடுராத்திரியில் எரித்தது போலீஸ். நெருப்பு நம்மிடம் இப்படித்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அதைக் கையில் பொத்திக் காற்றுக்கு அணையாமல் பார்த்துக்கொள்வது ஒரு மென்மையான காரியம் என்று நகரத்தார் நினைக்கும்போது, நமக்குச் சிரிப்பு வருவதில் ஆச்சரியமில்லை.

இருந்தாலும் தோழர்களே, மெழுகுவர்த்தியைப் பார்த்து நீங்கள் சிரிக்கலாம், அரசு சிரிப்பதில்லை. 2017 மே 21 அன்று மெரினாவில் என்ன நடந்தது? முள்ளிவாய்க்காலில் செத்தவர்களுக்காக மெழுகுவர்த்தி ஏற்ற மே 17 இயக்கத்தினர் வந்தார்கள். அதற்கு முன் பல வருஷம் ஏற்றிய அதே கடற்கரை. அந்த வருஷ ஜனவரியில் ஜல்லிக்கட்டுக் கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோயிருந்த போலீஸ், தடை என்றது. மீறி வந்தவர்களைப் பிடித்தார்கள். திருமுருகன் காந்தி உள்ளிட்ட நான்கு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவனுக்கும் ரவுடிக்கும் போட்ட சட்டம், மெழுகுவர்த்திக்கு! அந்தச் செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்யும் வரைக்கும் நாலு மாசம் சிறை. ரெண்டு ரூபாய் மெழுகுத் துண்டுக்கு இத்தனை பெரிய சட்டம் தேவைப்பட்டதென்றால், அந்தத் துண்டில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

என்ன இருக்கிறது என்று பார்க்க, எனக்கு எப்போதும் ஞாபகம் வருவது நம் ஊர் சம்பவம் அல்ல. 1988 மார்ச் 25, வெள்ளிக்கிழமை, பிராத்திஸ்லாவா. அன்றைக்கு அது செக்கோஸ்லோவாக்கியா, இன்றைக்கு ஸ்லோவாக்கியாவின் தலைநகரம். அங்கே ஆயர்களை யார் நியமிப்பது என்பதில் தொடங்கி எந்தச் சாமியார் எங்கே பூசை வைக்கலாம் என்பது வரை கட்சியும் அரசும் முடிவு செய்துகொண்டிருந்தன. தலைமறைவுத் திருச்சபை என்றே ஒன்று வளர்ந்திருந்தது. அதைச் சேர்ந்தவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஆறரை வரை, வெறும் அரைமணி நேரம், நகரத்தின் நடுச் சதுக்கத்தில் கையில் மெழுகுவர்த்தியோடு பேசாமல் நிற்கப்போகிறோம் என்று அதிகாரிகளுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள். எதற்காக என்றும் எழுதினார்கள். காலியாகக் கிடக்கிற மறைமாவட்டங்களுக்கு ஆயர்களை நியமி, முழு மதச் சுதந்திரம் கொடு, குடிமக்களின் உரிமைகளை மதி. மூன்றே கோரிக்கை. அரசு தடை போட்டது. ஆனாலும் சதுக்கத்துக்குள் சுமார் 2,000 பேர் வந்துவிட்டார்கள். உள்ளே வர முடியாமல் சுற்றுத் தெருக்களில் இன்னும் சில ஆயிரம் பேர். மழை வேறு. போலீஸ் வண்டிகளைக் கூட்டத்துக்குள் ஓட்டினார்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள், தடியால் அடித்தார்கள். அணைந்ததைத் திரும்பப் பற்ற வைத்துக்கொண்டு அரைமணி நேரம் முடிகிற வரை நின்றார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் அந்த ஆட்சியே போய்விட்டது. மெழுகுவர்த்தியால்தான் போனது என்று கதை கட்ட நான் தயாரில்லை. பொருளாதாரம், மாஸ்கோ, பக்கத்து நாடுகள் என்று ஆயிரம் காரணம். ஆனால் பயம் போனதில் அந்த அரைமணிக்குப் பங்குண்டு. 1989 அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக்கில் 70,000 பேர் தெருவுக்கு வந்ததும் நிக்கோலாய் தேவாலயத்தின் திங்கட்கிழமை ஜெபக் கூட்டங்களிலிருந்துதான். மெழுகுவர்த்தி பிடிக்க ஒரு கை, காற்றுக்கு மறைக்க இன்னொரு கை, கல் எடுக்க மூன்றாவது கை கிடையாது. அந்த ஊர்ப் போதகர் இதை விளக்கியிருக்கிறார். சுடுவதற்குச் சாக்கு தேடுகிற அரசுக்கு முன்னால் இதைவிடக் கெட்டிக்காரத்தனம் வேறில்லை.

பிராத்திஸ்லாவாக் கூட்டம் எழுதிக் கொடுத்தது என்கிற விஷயத்தைக் கவனியுங்கள். மெழுகுவர்த்தியோடு ஒரு தாள் இருந்தது. தாளில் இன்னாரிடம் இன்னது கேட்கிறோம் என்று இருந்தது. நம் நகரங்களில் நடப்பதில் பெரும்பாலும் அந்தத் தாள் கிடையாது. 'அன்பு', 'அமைதி', 'ஒற்றுமை' என்று அட்டை பிடிப்பார்கள். யார் யாருக்கு அன்பு காட்ட வேண்டும் என்று அட்டையில் இருக்காது. அமைதியைக் கெடுத்தவன் பேரும் இருக்காது. கோரிக்கை இல்லாத மெழுகுவர்த்தி கரண்டு கட்டான வீட்டுக்குத்தான் லாயக்கு.

தாளில் என்ன எழுதுவது என்று கேட்டால், மதச் சுதந்திரம் யாருடைய விஷயம் என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். நம் பகுத்தறிவுத் தோழர்கள் பலர் அதைச் சாமி கும்பிடுகிறவன் பிரச்சினை என்று தள்ளிவைக்கிறார்கள். சபைக்காரர்கள் அதைச் சபையின் சொத்து என்று நினைக்கிறார்கள். அரசியல் சட்டம் 25ஆவது பிரிவில் மனசாட்சிச் சுதந்திரம் என்று ஒரு சொல் இருக்கிறது. மதத்தைக் கடைப்பிடிக்க, பரப்ப உள்ள உரிமையோடு சேர்த்து அதைச் சொல்கிறது. இந்த நாட்டில் அந்தச் சொல்லை உயிரைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தவன் தலித்துதான். மற்றவனுக்கு மதம் பிறந்த வீடு. நமக்கு அது வெளியே பூட்டிய வீடு. 1935இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்துவிட்டு, இருபத்தோரு வருஷம் படித்து, யோசித்து, 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தத்துக்குப் போனார் அம்பேத்கர். 1981 பிப்ரவரியில் திருநெல்வேலிப் பக்கம் மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்குப் போனபோது தில்லிவரைக்கும் ஆட்டம் கண்டது. பெட்ரோல் பணம் வந்தது என்றார்கள். சதி என்றார்கள். டீக்கடையில் தனிக் கிளாஸ் இருந்தது என்பதை மட்டும் யாரும் பெரிசாகப் பேசவில்லை. கும்பிடுகிற சுதந்திரத்தை விட்டுவிட்டு வெளியேறுகிற சுதந்திரம் என்று இதைப் படித்துப் பாருங்கள், மதச் சுதந்திரம் உடனே நம்ம தெருப் பிரச்சினையாகிவிடும்.

அந்தக் கதவை மூடத்தான் சட்டங்கள். தமிழ்நாட்டில் 2002 அக்டோபர் 5 அன்று கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது. 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு கைவிடப்பட்டது. அதில் ஒரு விஷயம். பொதுவாக மூன்று ஆண்டுச் சிறை. மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ சிறுவராகவோ பட்டியல் சாதி, பழங்குடியாகவோ இருந்தால் நான்கு ஆண்டு, அபராதமும் இரட்டிப்பு. 2021இல் உத்தரப் பிரதேசம் கொண்டுவந்த சட்டத்திலும் இதே பட்டியலுக்குத்தான் கூடுதல் தண்டனை. பார்க்க நமக்குப் பாதுகாப்பு மாதிரி இருக்கும். பெண், சின்னப் பிள்ளை, தலித், பழங்குடி, இந்த நாலு பேருக்கும் சொந்த புத்தி கிடையாது, எவனாவது மிட்டாய் கொடுத்தால் பின்னாடி போய்விடுவார்கள் என்பதுதான் உள்ளே இருக்கிற கருத்தியல். மனுதர்மத்தைப் படித்தவர்களுக்கு இது புதுசாக இருக்காது.

இந்தச் சட்டங்களை எதிர்த்துச் சபைகள் ஊர்வலம் போகின்றன, மெழுகுவர்த்தி ஏந்துகின்றன. நல்லது. இவற்றுக்கெல்லாம் மூத்த அண்ணன் ஒருவன் இருக்கிறான், அவனைப் பற்றி மூச்சு விடுவதில்லை. 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பெயரில் வந்த பட்டியல் சாதிகள் ஆணை, அதன் மூன்றாம் பத்தி. இந்து அல்லாத மதத்தைச் சொல்லிக்கொள்பவர் யாரும் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்துக்கொண்டார்கள். பௌத்தரைச் சேர்க்க 1990 ஆனது. அம்பேத்கரோடு மாறியவர்கள் 34 வருஷம் காத்துக் கிடந்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றைக்கும் வெளியே. இதைவிடப் பெரிய மதமாற்றத் தடைச் சட்டம் எது? ஜெயிலில் போடமாட்டான். சான்றிதழைப் பிடுங்கிக்கொள்வான், தனித்தொகுதியைப் பிடுங்கிக்கொள்வான், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பிடுங்கிக்கொள்வான். போதகர் ஒருவர் கொடுத்த வன்கொடுமை வழக்கை, நீ கிறிஸ்தவன், உனக்கு இந்தச் சட்டம் செல்லாது என்று 2025இல் ஆந்திர உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அடித்தவன், அடிக்கும்போது ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டிருக்க மாட்டான்.

சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசை என்பவரின் வழக்கைச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் தேடிப் படிக்க வேண்டும். 1980களின் தொடக்கத்தில் ரோட்டோரம் உட்கார்ந்து தொழில் செய்கிற பட்டியல் சாதிச் செருப்புத் தொழிலாளிகளுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுக்கும் திட்டம் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே தோலை அதே ஊசியால் தைத்தவர்களுக்குக் கிடைத்தது. சூசைக்குக் கிடைக்கவில்லை. ஆதிதிராவிடராகப் பிறந்தவர்தான், ஆனால் கிறிஸ்தவர். உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார். மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதிக் கொடுமை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று 1985இல் தள்ளுபடி செய்துவிட்டார்கள். ஆதாரம் ரோட்டில் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்தது. 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை எடுத்துவிடச் சொன்னது. அப்படியே கிடக்கிறது. 2022 அக்டோபரில் பாலகிருஷ்ணன் ஆணையம் போட்டார்கள், இரண்டு வருஷம் என்றார்கள், பிறகு நீட்டித்தார்கள். 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டு அனுப்பியது. 2024 நவம்பர் 26, அரசியல் சட்ட நாள் அன்றைக்கே, புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில், இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்லிக்கொள்வது அரசியல் சட்டத்தின் மேல் செய்யும் மோசடி என்றது உச்ச நீதிமன்றம். எங்கள் தெருக்களில் ஞானஸ்நானப் பேர் ஒன்று, பள்ளிக்கூடப் பேர் ஒன்று என்று ரெண்டு பேரோடு வாழ்கிறவர்கள் எத்தனை பேர். கோவிலில் மரியபுஷ்பம், தாசில்தார் ஆபீசில் புஷ்பா. மோசடி செய்தது யார்? பேரை மறைத்தவளா, மறைக்கவைத்தவனா?

இந்தப் பின்னணியோடு கந்தமாலை நினைத்துப் பாருங்கள். ஒடிசாவில் 2007 டிசம்பரிலும் பிறகு 2008 ஆகஸ்டிலும் நடந்தது. 50,000 பேருக்கு மேல் வீட்டை விட்டுக் காட்டுக்கும் முகாமுக்கும் ஓடினார்கள். ஆயிரக்கணக்கான வீடுகள், நூற்றுக்கணக்கான கோவில்கள். அதற்காக நாடெங்கும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், கிறிஸ்தவர்கள் மேல் தாக்குதல் என்று. சரிதான். எரிந்தது யார் வீடு? பெரும்பாலும் பாணர், அந்த மாநிலத்தின் பட்டியல் சாதி, கூடவே கந்தர் பழங்குடியினர். நிலம், சான்றிதழ், சந்தை, கூலி என்று அங்கே நெடுங்காலமாக இருந்த சண்டைக்கு மேல் மதத்தை ஊற்றிப் பற்றவைத்தார்கள். ஆனால் மெழுகுவர்த்திக் கூட்டத்தில் பாணர் என்ற சொல்லை நான் கேட்டதில்லை. கொளுத்தும்போது அவன் கிறிஸ்தவன், நிவாரணத்தில் அவன் சிறுபான்மை, சான்றிதழ் கேட்டால் அவன் தலித்தே இல்லை. மதவெறியனும் சபையும் அரசும் சேர்ந்து ஒரு மனுசனின் பாதி அடையாளத்தை அழிக்கிறார்கள். நோக்கம் மூவருக்கும் வேறு வேறு, விளைவு ஒன்றுதான்.

சபைக்குள்ளே இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். பாஸ்காத் திருவிழிப்பு என்று ஒன்று உண்டு. உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின ராத்திரி கோவிலில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, வெளியே நெருப்பு மூட்டி, அதிலிருந்து பாஸ்காத் திரியை ஏற்றி, அதிலிருந்து ஒவ்வொருவர் மெழுகுவர்த்திக்கும் கைமாற்றிக்கொண்டே வருவார்கள். இருட்டில் அந்த வெளிச்சம் நகர்ந்து வருவது கண்ணுக்கு அழகு, பொய் சொல்லமாட்டேன். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் பங்கில் அது ஊர்க்காரர்கள் பக்கம் முழுக்கச் சுற்றி முடித்த பிறகுதான் காலனிப் பக்கம் வரும். யாரும் சட்டம் போடவில்லை, உட்காருகிற இடம் அப்படி. 'கிறிஸ்துவின் ஒளி' என்று சாமியார் பாடுவார். ஒளிக்கும் ஊர்த்தெரு, காலனித் தெரு தெரிந்திருந்தது. செத்தால் தனிக் கல்லறை. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலேயே சுவர். விழுப்புரம் மாவட்டம் எறையூரில் (இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம்) தனிப் பாதை, தனிக் கல்லறை வேண்டாம், தனிப் பங்காவது கொடு என்று தலித் கிறிஸ்தவர்கள் கேட்டதற்கு 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் சுட்டதில் வன்னியக் கிறிஸ்தவர் இருவர் செத்தார்கள். அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான், சாதி அவர்களையும் தின்றது. இந்திய ஆயர் பேரவை 2016இல் தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று ஒன்றை வெளியிட்டது. 2022இல் ஹைதராபாத்தின் அந்தோணி பூலா முதல் தலித் கர்தினால் ஆனார். நல்ல காரியம். கல்லறைச் சுவருக்கு இதெல்லாம் இன்னும் கேட்கவில்லை.

2023 ஜூலையில் ஒரு மாவட்டத் தலைநகரில் மணிப்பூருக்காக மெழுகுவர்த்தி ஏந்தினார்கள். மே 3இல் தொடங்கிய அந்த வன்முறையில் தேவாலயங்கள் எரிந்தன, பெண்களை நிர்வாணமாக்கி இழுத்துப்போன வீடியோ அப்போதுதான் வெளியே வந்திருந்தது. காலனியிலிருந்து ஒரு வேன் பிடித்து நாங்கள் முப்பது பேர் போனோம், பாதிக்கு மேல் பெண்கள். கையில் ஒரே ஒரு அட்டை. 'மணிப்பூர் பெண்களுக்கு நீதி கொடு, மூன்றாம் பத்தியை நீக்கு.' ஏற்பாட்டுக் குழுவிலிருந்து ஒரு பெரியவர் வேகமாக வந்தார். "தம்பி, இன்னிக்கு மணிப்பூருக்காக வந்திருக்கோம். சாதிய இங்க கொண்டாராதீங்க, கவனம் செதறிடும்" என்றார். நான் பதில் சொல்வதற்குள் எங்களோடு வந்த அக்கா ஒருவர் முந்திக்கொண்டார். "ஏங்க, சாதிய நாங்களா கொண்டாந்தோம்? எங்களுக்கு முன்னாடியே வந்து மொத வரிசையில நிக்குதே, உங்க கண்ணுக்குத் தெரியலியா?" பெரியவர் முதல் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். யார் யார் நின்றார்கள் என்று அவருக்கும் தெரியும். போட்டோ எடுக்கும்போது மட்டும் அட்டையைக் கீழே வைத்துக்கொள்ளச் சொன்னார். வைக்கவில்லை. பத்திரிகையில் வந்த படத்தில் எங்கள் பக்கம் வெட்டப்பட்டிருந்தது. அக்காவின் கை மட்டும், முழங்கைவரை, மெழுகுவர்த்தியோடு.

கவனம் சிதறும் என்பது எவ்வளவு பழைய வாதம்! சுதந்திரப் போராட்டத்தில் சாதி பேசினால் சிதறும், வர்க்கப் போராட்டத்தில் பேசினால் சிதறும், மொழிப் போராட்டத்தில் பேசினால் சிதறும், இப்போது மெழுகுவர்த்தியிலும். மனித உரிமைக்காரர்களும் இதில் சளைத்தவர்கள் அல்ல. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து ஜார்க்கண்டில் பழங்குடியினரோடு வாழ்ந்த ஸ்டேன் சாமியை 2020 அக்டோபரில் 83 வயதில் கைது செய்தார்கள். நடுக்குவாத நோயாளிக்குத் தண்ணீர் குடிக்க உறிஞ்சு குவளை கொடுக்க வாரக்கணக்கில் இழுத்தடித்தார்கள். 2021 ஜூலை 5 அன்று பிணை கிடைக்காமலேயே மும்பை மருத்துவமனையில் செத்தார். தமிழ்நாட்டில் அவருக்காக மெழுகுவர்த்தி ஏற்றிய கூட்டங்களில் நானும் நின்றிருக்கிறேன். குவளையைப் பற்றிப் பேசினார்கள், வயதைப் பற்றிப் பேசினார்கள், சாமியார் என்றார்கள். விசாரணை இல்லாமல் சிறையில் கிடந்த பழங்குடி இளைஞர்களுக்காக அவர் வழக்குப் போட்டதையும், நிலத்தைப் பிடுங்குகிறவர்களின் பேரையும் சொன்னவர்கள் குறைவு. அனுதாபத்துக்கு ஒரு கிழவர் போதும், கோரிக்கைக்கு அவர் யாரோடு நின்றார் என்பது வேண்டும்.

அதனால் போகாமல் இருந்துவிடலாம் என்று மறுபடியும் ஆரம்பிக்காதீர்கள். நாம் போகாத கூட்டத்தில் அட்டை தானாகவே கீழே போய்விடும். நாம் தனியாக நடத்துகிற ஆகஸ்ட் 10 கறுப்பு நாளை நாமேதான் பார்த்துக்கொள்கிறோம். அதுவும் வேண்டும். ஆனால் அவர்கள் மதச் சுதந்திரம் என்று சொல்லுகிற இடத்தில் போய் நின்றால்தான், அந்தச் சொல்லை வைத்தே அவர்களைக் கேட்க முடியும். இஸ்லாமியத் தோழர்களும் இதே மூன்றாம் பத்தியில் மாட்டிக்கொண்டவர்கள், அவர்களையும் கூட்டிப் போவோம். சாமி இல்லை என்கிற தோழர்களும் வரட்டும், எந்த மதத்திலும் இல்லாமல் இருப்பதும் அதே 25ஆவது பிரிவின் மனசாட்சிதான். அமைதியாகவே நிற்போம். கல் வேண்டாம், கோஷம்கூட வேண்டாம் என்றால் வேண்டாம். நம் பிள்ளை ஒருத்தன் கையை ஓங்கினால் அடுத்த நாள் வழக்கு யார் மேல் பாயும் என்று நமக்குத் தெரியாதா? அனுமதிக் கடிதத்தில் பேர் போடும்போது மட்டும் பார்த்துப் போடுங்கள், மாணவர் பேர் வேண்டாம், வேலைக்குப் போகும்போது போலீஸ் விசாரணையில் இடிக்கும்.

எங்கள் மாவட்டத்தில் வருகிற மாதம் மறுபடியும் ஒரு மெழுகுவர்த்திக் கூட்டம் ஏற்பாடாகிறது, மனித உரிமை, மதச் சுதந்திரம் என்றுதான் நோட்டீசு. ஏற்பாட்டுக் குழுவுக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கூட்டத்தின் கோரிக்கைகளில் மூன்றாம் பத்தியை நீக்குவது இடம்பெற வேண்டும். மறைமாவட்டத்தில் எந்தெந்தக் கல்லறையில் சுவர் இருக்கிறது என்ற பட்டியலை அன்றைக்கு மேடையில் வாசிக்க வேண்டும். முதல் மெழுகுவர்த்தியைக் காலனியிலிருந்து வருகிற ஒருவர் ஏற்ற, நெருப்பு அங்கிருந்து மற்றவர்களுக்குப் போக வேண்டும். மூன்றாவதுக்குத்தான் ரொம்ப யோசிக்கிறார்களாம். பதில் இன்னும் வரவில்லை. வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. அக்கா இந்தத் தடவை முன்சீட்டு வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார், அட்டையையும் அவர் வீட்டில்தான் வைத்திருக்கிறோம்.